ஓரங்கட்டு அக்கா

காவல் துறை வாகனப் பணிமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ஓரங்கட்டு அக்கா என்று கேட்டால்தான் வாசலில் நிற்கிற காவலருக்கே தெரியும். காலையில் சோதனைக்கு வரிசையாக வந்து நிற்கும் ஜீப்புகளையும் வேன்களையும் அவள் ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். குனிந்து அடியில் பார்ப்பாள், டயரைத் தடவுவாள், பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் விளக்கு எரிகிறதா என்று நிற்பாள். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அவள் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: "ஓரங்கட்டு." ஓட்டி வந்தவர் நேற்றுச் சேர்ந்த காவலரா, பக்கத்தில் இருப்பவர் தோளில் நட்சத்திரம் வைத்தவரா என்பதெல்லாம் அப்போது அவள் கண்ணில் படாது.

"அக்கா, கோர்ட்டுக்கு ஆள் கூட்டிட்டுப் போகணும்க்கா. இந்த ஒரு தடவை மட்டும்."

"டயரைத் தடவிப் பாரு. உன் மாமனார் தலை மாதிரி இருக்கு. ஓரங்கட்டு."

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. பள்ளி முடித்ததும் தொழிற்பயிற்சியில் தையல் கேட்டுத்தான் போனாள். தையலில் இடமில்லை, டீசல் மெக்கானிக்கில் இருக்கிறது என்றார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அவள் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "தையலோ டீசலோ, மத்தியானம் வீட்டுக்கு வந்துடுவேல்ல?" அந்த அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மத்தியானம் வீட்டுக்கு வருவது மட்டும் அவளுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

பணிமனையில் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சுழல் விளக்குக்கு பல்பு மாற்றுகிற வேலையையும், வேனின் பின்பக்கம் கழுவுகிற வேலையையும்தான் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் உட்காருகிற பக்கம் அது. பயந்தவர்களும் குடித்தவர்களும் அதில் என்னென்ன விட்டுவிட்டுப் போவார்கள் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல முடியாது. அதையும் மூக்கைச் சுளிக்காமல் செய்தாள். அப்புறம் பிரேக், அப்புறம் கியர் பாக்ஸ் என்று கை ஏறிக்கொண்டே போனது. ஃபோர்மேன் அவளைச் சோதனைக்குப் போட்டதற்குக் காரணம் திறமை மட்டுமில்லை. "மத்தவங்கள்லாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தா ஓகே சொல்லிடுறாங்க. உனக்கு டீயே பிடிக்காது. நீதான் சரி" என்றார்.

ஒரு விதத்தில் அது தண்டனைதான். காவல் துறை வண்டிக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது. காலையில் ஒருவர் ஓட்டுவார், மாலையில் ஒருவர், அதற்கப்புறம் இன்னொருவர். யாரும் எண்ணெய் பார்க்கமாட்டார்கள். எல்லாரும் கதவை அறைந்து சாத்துவார்கள். வண்டி நிற்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். உதிரி சாமான் கேட்டால் வரும் என்பார்கள், வராது. கடைசியில் செத்த வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிச் சாகப்போகிற வண்டிக்குப் போடுவார்கள். இந்தப் பிழைப்பில் அக்காவுக்கு வலது தோள்பட்டை தேய்ந்துபோனது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையைத் தூக்கித் தூக்கி, இப்போதெல்லாம் வீட்டில் பரணிலிருந்து ஒரு பாத்திரம் எடுக்கக்கூட மகளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அவள் வீட்டுக்காரரும் அதே துறையில் ஓட்டுநர். அவரை முதலில் பார்த்ததே சோதனை வரிசையில்தான். மற்றவர்கள் வண்டியை அப்படியே குப்பையோடு கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் மட்டும் உள்ளே பெருக்கித் துடைத்துவிட்டுக் கொண்டுவருவார். பெருக்குகிற ஆம்பளை என்று அவள் மனசில் குறித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் அவர் துடைப்பத்தைத் தொட்டதே இல்லை என்பது வேறு கதை.

அவர் கையில் இருந்தது ஸ்டேஷனின் பெரிய வேன். இத்தனை வருஷ ஓட்டத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அது பெருமை மட்டுமில்லை, உண்மையும்தான். புதிதாகச் சேரும் ஓட்டுநர்களை அவரோடுதான் உட்கார்த்தி அனுப்புவார்கள். கிளட்ச் பெடல்மேல் சும்மா கால் வைத்தே ஓட்டிக் கிளட்சைக் கருக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "அது என்ன, உங்க வீட்டுக் கால் வைக்கிற ஸ்டூலா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவார்.

அப்படிப்பட்டவருடைய வேனில்தான் கிளட்ச் போனது. மழைக்கு முன்னால் ஒரு தடவை மாற்றினார்கள். மழை விட்டதும் மறுபடியும் போனது. அதை மாற்றியபோது சட்டையில் பட்ட அழுக்கு வெளுப்பதற்குள் மூன்றாவது தடவையாக, நடுரோட்டில் நின்றுவிட்டது என்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"சாமான் மட்டம்க்கா" என்றான் ஒல்லி. பணிமனையில் அவளோடு வேலை செய்கிற மெக்கானிக் அவன். பெயர்தான் ஒல்லி, ஆள் இரண்டு பேர் பருமன். "இப்பல்லாம் கிளட்ச் பிளேட்டை அப்பளம் மாதிரி பண்ணி அனுப்புறானுங்க."

அக்கா கியர் பாக்ஸை இறக்கி, பிளேட்டைத் தானே கழற்றினாள். கருகியிருந்தது. அது உரசுகிற இரும்பு வட்டு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. இதே பெட்டியில் வந்த பிளேட்டுகளை வேறு வேன்களுக்கும் போட்டிருந்தார்கள். அவை இன்னும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியென்றால் குற்றம் சாமானில் இல்லை. வேறு எந்த ஓட்டுநராக இருந்தாலும் அவள் இரண்டே வார்த்தையில் முடித்திருப்பாள்: காலை எடு.

ஏறிப்போய்ப் பெடலைப் பார்த்தாள். ரப்பரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மிதித்துத் தேய்ந்த தேய்மானம் அல்ல, கால் எப்போதும் அதிலேயே கிடந்து தேய்ந்தது.

அப்போதுதான் அவளுக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் அவர் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தார். மகள்தான் பார்த்தாள். "அப்பா, இன்னொண்ணு எங்கப்பா?" அவர் குனிந்து பார்த்தார். "அறுந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். மகள் வெளியே போய்ப் பார்த்தால், தெருமுனையில் செருப்பு அறுந்துபோகாமல் முழுசாகக் கிடந்தது. அதைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்து அவள் சிரித்த சிரிப்பில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று இருவரும் அவரை ஓட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், மறந்தும் போவார். ஓட்டுநர்களுக்கு வேளைக்குச் சாப்பாடு ஏது? அக்கா ஓட்டுநர் இருக்கையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கீழே ஒல்லி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான்.

புது பிளேட் போட்டு முடித்ததும் அவரை வரச்சொன்னாள். "ஓட்டிப் பாக்கணும். நீங்களே ஓட்டுங்க" என்றாள்.

"ஏன், நீயே ஓட்டிப் பாப்பியே எப்பவும்?"

"தோள் வலிக்குது."

பணிமனையின் பின்பக்கம் மதிலை ஒட்டி நீளமாக ஒரு ரோடு. ஒரு பக்கம் கழித்துப்போட்ட வண்டிகள் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வண்டி ஓட்டிப் பார்ப்பது அங்கேதான். அவர் வேனை எடுத்தார். பழைய மாதிரிதான், அலுங்காமல் குலுங்காமல். நான்காவது கியர் விழுந்தது. அக்கா ரோட்டைப் பார்க்காமல் அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கியர் மாற்றி முடித்தபிறகும் இடது பூட்ஸ் பெடலின்மேலேயே இருந்தது.

"கிளட்ச்லருந்து காலை எடுங்க."

"எடுத்துட்டுத்தானே ஓட்டுறேன்."

"எடுங்க."

"எடுத்தாச்சும்மா. என்ன, எனக்கே பாடம் எடுக்குறியா?"

விளையாட்டாகச் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. எடுத்துவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து அவர் கணுக்காலைப் பிடித்துத் தூக்கித் தரையில் வைத்தாள். அவள் குனிந்ததைக் கண்டபிறகுதான் அவர் கீழே பார்த்தார். வண்டியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"எப்பருந்து?" என்றாள்.

"என்ன எப்பருந்து?"

"மரத்துப்போறது."

அவர் கண்ணாடி வழியாக மதிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மழைக்கு முன்னாடிலருந்து. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கும். அப்புறம் அதுவும் இல்ல."

"அந்தக் கால்?"

"அது பரவால்ல."

"பரவால்லன்னா என்ன அர்த்தம்?"

"பரவால்லன்னா பரவால்ல. பிரேக் மிதிக்கிறது எனக்குத் தெரியாதா?" குரல் உயர்ந்தது. அப்புறம் தானாகவே இறங்கியது. "பாப்பா பரீட்சை முடியட்டும். நானே போய் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். இப்ப வேணாம். ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. எனக்கு வேற என்ன தெரியும்?"

அவருக்கு வேறு எதுவும் தெரியாது என்பது அக்காவுக்கும் தெரியும். அந்த நேரத்தில் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. சரி என்றுவிட்டாள். அன்றைக்கு ஃபோர்மேனிடம் போய், கிளட்ச் இன்னும் சரியாகவில்லை, வேறொரு சாமான் வரவேண்டும், வேன் நிற்கட்டும் என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வண்டியைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அதுதான். ஃபோர்மேன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நிக்கட்டும்" என்றார்.

வேனை நிறுத்தினால் அவரும் நின்றுவிடுவார் என்று எப்படித்தான் நினைத்தாளோ. மறுநாள் காலையில் அவள் வரிசையில் ஒரு ஜீப்பின் அடியிலிருந்து எழுந்து நிற்கிறாள், வாசலுக்கு வெளியே ரோட்டில் அவர் வேறொரு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகிறார். வேன் இல்லையென்று ஸ்டேஷனில் மாற்று வண்டி கொடுத்துவிட்டார்கள். பின்னால் மூன்று காவலர்கள், ஒருவர் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இவள் பக்கம் திரும்பவில்லை. வண்டியை நிறுத்த அவளுக்கு அதிகாரம் இருந்தது. ஓட்டுகிற ஆளை நிறுத்த இல்லை.

அடுத்த நாள் காலை அந்த ஜீப் சோதனைக்கு வந்தது. ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. மற்ற நாளாயிருந்தால் அடுத்த வாரம் கொண்டுவா என்று விட்டிருப்பாள். "ஓரங்கட்டு" என்றாள். அடுத்து அவருக்கு ஒரு பழைய சின்ன வேனைக் கொடுத்தார்கள். வைப்பர் சரியில்லை என்று அதையும் நிறுத்தினாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"அக்கா" என்றான் ஒல்லி மெதுவாக. "இப்படியே போனா உங்க வீட்டுக்காரருக்கு ஓட்ட சைக்கிள்தான் மிஞ்சும்."

"சைக்கிளா இருந்தா நல்லதுதான்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் அவர் இதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள். சாப்பிடும்போது கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கேயாவது சைரன் சத்தம் கேட்டால் அக்கா கையிலிருக்கிற சோற்றைத் தட்டிலேயே வைத்துவிடுவாள். அவர் இன்னும் வீட்டுக்கு வராத நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் ஃபோர்மேன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறை என்றால் பழைய பேட்டரிகளுக்கும் டயர்களுக்கும் நடுவே ஒரு மேசை. காற்றாடி சுற்றும், காற்று வராது. "உக்காரும்மா" என்றார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் நல்லதில்லை.

"ஸ்டேஷன்லருந்து போன். உன் வீட்டுக்காரர் எந்த வண்டியைத் தொட்டாலும் மறுநாளே உன்கிட்ட வந்து படுத்துக்குதாம். என்ன விஷயம்னு கேக்குறாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வீட்டுல ஏதாவது சண்டைன்னா வீட்டோட வெச்சுக்கங்கம்மா. என் வண்டிங்களை ஏன் நடுவுல இழுக்குறீங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். ஆமாம் சார், சண்டைதான், இனிமேல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். மேசைமேல் கிடந்த ஸ்க்ரூ ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சண்டை இல்ல சார். அவருக்குக் காலு மரத்துப்போச்சு. பெடல்மேல கால் இருக்கா இல்லையான்னு அவருக்கே தெரியல."

ஃபோர்மேன் எழுந்து கதவைச் சாத்தினார். அப்படியும் சத்தம் குறையவில்லை, வெளியே யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை வருஷப் பழக்கம் அவரோட" என்றார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு வண்டி ஓட்டினது அவருதான். இதை எனக்குத் தெரியாமலே நீ பாத்துக்கிட்டிருக்கலாம்."

"அப்படித்தான் சார் பாத்தேன். முடியல. எத்தனை வண்டியை நிறுத்துறது?"

"நான் மேல சொல்லியாகணும். தெரியுமில்ல? சொல்லிட்டா அவரு மறுபடி சீட்ல உக்கார முடியாது."

"தெரியும்."

"யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்க."

"நான்தான்னு சொல்லுங்க. வேற யாரோ போட்டுக் கொடுத்ததா நினைச்சு அவரு ஊரையே சந்தேகப்பட வேணாம்."

எப்படியும் அவர் காதுக்கு வரத்தான் போகிறது. உத்தரவாக வருவதற்கு முன்னால் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அன்று சாயந்திரமே சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டேன்."

எதை என்று அவர் கேட்கவில்லை. பொத்தானில் இருந்த விரல் அப்படியே நின்றது. மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பரீட்சை முடியட்டும்னு சொன்னேனே."

"பின்னால மூணு பேரு உக்காந்திருந்தாங்க. அவங்க வீட்டுலயும் யாராவது பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருப்பாங்க."

"என்னைக்காவது ஒரு கீறல் போட்டிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவர் எழுந்தார். எழும்போது கால் தரையில் இருக்கிறதா என்று கீழே ஒரு தடவை பார்த்துக்கொண்டதை அவளும் பார்த்தாள், மகளும் பார்த்தாள். "ஊர்ல இருக்கிற எல்லாரையும் ஓரங்கட்டின. கடைசியில என்னையும் ஓரங்கட்டிட்ட" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

டாக்டரிடம் மூன்று பேரும்தான் போனார்கள். பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றச் சொன்னார் டாக்டர். சாக்ஸ் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பூட்ஸுக்குள் ஒரு சின்னக் கல். எப்போது போனதோ தெரியாது. அது பெருவிரலுக்குக் கீழே துளை போட்டு, புண் உள்ளே இறங்கியிருந்தது. அதோடுதான் அவர் தினமும் நடந்துகொண்டிருந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். டாக்டர் வலது காலையும் பார்த்தார். அதுவும் பாதிக்குமேல் உணர்ச்சியில்லை என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார். வண்டி ஓட்டுவது பற்றி அவர் சொன்னதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அது எல்லாருக்கும் முன்பே தெரியும்.

புண்ணுக்குத் தினமும் மருந்து வைத்துக் கட்ட வேண்டும். அக்காதான் கட்டினாள். பணிமனையிலிருந்து வந்து, கையிலிருக்கிற கிரீஸ் போக மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். வலிக்கிறதா என்று கேட்கவும் வழியில்லை. வலிக்கவில்லை என்பதுதானே வியாதியே. அவள் சுத்தம் பண்ணி, மருந்து வைத்து, துணி சுற்றி முடித்துக் காலைக் கீழே வைக்கும்வரை இரண்டு பேரும் மூச்சுவிடுகிற சத்தம்தான். சில நாள் தோள் வலியில் அவளுக்குக் கை தூக்க வராது. அப்போது இடது கையாலேயே கட்டி முடிப்பாள். பேசவேண்டியதெல்லாம் மகள் வழியாக நடந்தது.

"பாப்பா, உங்கம்மாகிட்ட தண்ணி வேணும்னு சொல்லு."

"அம்மா, அப்பாவுக்குத் தண்ணி வேணுமாம்."

"பக்கத்துலயே சொம்பு இருக்குன்னு சொல்லு."

"எனக்கு நாளைக்குப் பரீட்சை" என்று மகள் ஒரு நாள் புத்தகத்தை மூடினாள். "நீங்க ரெண்டு பேரும் வயர்லெஸ் வெச்சுக்கங்க."

புண் ஆறி வருகிற சமயத்தில் அவருக்கு மாற்று வேலை போட்டார்கள். பணிமனையிலேயே சாவி அறை. கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற ஓட்டுநர்களுக்கு வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுகிற வேலை. முதல் சில நாட்கள் எல்லா ஓட்டுநர்களும் அவரிடம் தேவைக்கு மேல் சத்தமாக நலம் விசாரித்தார்கள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவருடைய பெரிய வேன் வேறொரு ஓட்டுநர் கைக்குப் போனது. அந்தச் சாவியையும் அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கிளட்ச் அதற்கப்புறம் போகவே இல்லை. மாதச் சோதனைக்கு அந்த வேன் வந்தபோது அக்கா சுற்றி வந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே மட்டும் பெருக்காமல் பிஸ்கட் காகிதமும் மண்ணுமாகக் கிடந்தது. போகலாம் என்று கையைக் காட்டினாள். திரும்பும்போது சாவி அறை ஜன்னலில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பது தெரிந்ததும் நகர்ந்துவிட்டார்.

வேலைக்குப் போய்வர முதலில் இருவரும் பஸ்ஸில்தான் போனார்கள். ஒரே பஸ். அவர் முன்பக்கம் நிற்பார், அவள் பின்பக்கம். ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து பணிமனைக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். ஆறின புண் அதிலேயே திரும்பக் கிழிந்துவிடும் போலிருந்தது. வீட்டு வாசலில் அவருடைய ஸ்கூட்டர் தூசி பிடித்து நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டவும் டாக்டர் தடை போட்டிருந்தார். ஒரு காலையில் அக்கா அதைத் துடைத்து, உதைத்துக் கிளப்பி வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள். "பாப்பா, அப்பாவை ஏறச் சொல்லு" என்றாள். மகள் சொல்வதற்குள் அவரே வந்து ஏறிக்கொண்டார்.

பெண்டாட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து அவர் போனது அதுதான் முதல் தடவை. கையை அவள் தோளில் வைக்கவில்லை. தன் தொடையிலேயே வைத்துக்கொண்டார். அவள் வண்டிகளின் அடிவயிற்றைக் கரைத்துக் குடித்தவள்தான், ஆனால் காலை நேரக் கூட்டத்தில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழக்கமில்லை. பயந்து பயந்து ஓட்டினாள். அப்படியே பல நாள் ஓடியது, பின்னால் ஒரு மூட்டை இருப்பது போலத்தான். பிறகு ஒரு நாள் நாற்சந்தியில் ஒரு தண்ணீர் லாரி திரும்புவதற்காக மூக்கை நீட்டியது.

"பிரேக்கு! பிரேக்கு!"

பிடித்தாள். லாரி போனது.

"பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

"என்னத்தைப் பாத்த? பக்கத்துல உக்காந்து ஓட்டுறவன் பெடலையா? கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கான்? பொட்டு சரியா இருக்கான்னு பாக்கவா? திரும்புறதுக்கு முன்னாடி இண்டிகேட்டர் போடணும், திரும்பி முடிச்சதும் இல்ல. அந்த பஸ்ஸு பின்னாடியே போய் ஒட்டிக்காத, அவன் எப்ப நிப்பான்னு அவனுக்கே தெரியாது. இடது பக்கம், இடது பக்கம், ஏம்மா, இடதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

அத்தனை நாள் அடைத்துவைத்ததெல்லாம் சேர்ந்து கொட்டியது. வாய் ஓயவே இல்லை. சிக்னலில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "வண்டியை அவர்கிட்ட கொடுத்துடுங்கம்மா" என்றார். "அவருக்கு லைசென்ஸ் இல்லப்பா" என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்தபடியே. பின்னாலிருந்து ஒரு நொடி சத்தமில்லை. சரி, மறுபடியும் முடிந்துபோச்சு என்று நினைத்தாள். "பச்சை விழுந்துருச்சு, கிளப்பு" என்றார் அவர்.

பணிமனை வாசலில் அவர் காலைப் பார்த்துப் பார்த்துத் தரையில் ஊன்றி இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சாயந்திரம் இந்த வழியா வேணாம். பின்பக்க ரோடு சுத்துதான், ஆனா கூட்டமிருக்காது" என்றார். அவள் சரி என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அதே பாட்டுதான். போகும்போதும் திட்டு, வரும்போதும் திட்டு. மகள் பரீட்சையில் பாஸாகிவிட்டாள். காலில் மறுபடி புண் வரவில்லை, உணர்ச்சியும் திரும்பவில்லை. அவள் தோள் வலியும் அப்படியேதான் இருக்கிறது. நீ செய்தது சரி என்று அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்காவும் அதை எதிர்பார்க்கவில்லை. காலையில் அவரைச் சாவி அறை வாசலில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு வருவதற்குள் வரிசை தெருவரை நீண்டிருக்கும். ஒல்லி டார்ச் லைட்டை நீட்டுவான். வாங்கிக்கொண்டு, ஒரு கையால் தோளைப் பிடித்தபடி, முதல் வண்டிக்கு அடியில் குனிவாள்.